மேட்டூர் அணைக் கணக்கைக் கொண்டு டெல்டா வறட்சியை முன்கூட்டியே அறிவது எப்படி

திருத்துறைப்பூண்டியிலோ தலைஞாயிற்றிலோ வயல் வெடிப்பதற்குப் பல வாரங்கள் முன்பே, காவிரி டெல்டாவின் வறட்சி சேலம் மாவட்டத்து மேட்டூரில் எண்களாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது. அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் வெளியேற்றம் ஆகிய நான்கும் நாள்தோறும் கணக்கெடுக்கப்பட்டு நாளிதழ்களில் வெளியாகின்றன. சேலத்துக்காரர்களாகிய நாம் பெரும்பாலும் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நான்கையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) கரை சேருமா, அடுத்து வரும் நீண்ட கால நெல்லான சம்பாவுக்குத் தண்ணீர் மிஞ்சுமா என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிட முடியும். டெல்டாவில் உறவினர் உள்ளவர்கள், மேட்டூரின் கிழக்கு மேற்குக் கரை வாய்க்கால்களை நம்பிப் பயிர் செய்பவர்கள், நெல்லும் வைக்கோலும் வாங்குபவர்கள், புவியியல் படிக்கும் மாணவர்கள் ஆகிய எல்லோருக்கும் இக்கணக்கு பயன்படும். ஒரு நோட்டுப் புத்தகமும் சாதாரணக் கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

எதை வறட்சி என்று கொள்வது

இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஒரு பருவத்தின் மழை நீண்டகாலச் சராசரியைவிட 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் அதை மிதமான வறட்சி என்றும், 50 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்றும் வகைப்படுத்துகிறது. மானாவாரி நிலங்களுக்கு இந்த அளவுகோல் பெரிதும் பொருந்தும். டெல்டாவுக்கு இது மட்டும் போதாது. ஜூன், ஜூலை மாதங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெரிய மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்போது அங்கே விதைக்கப்படும் குறுவை, குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகிறது. அக்டோபருக்குப் பிறகுதான் டெல்டாவின் சொந்த மழையான வடகிழக்குப் பருவமழை வந்து சம்பாவையும், குறுவை அறுத்த வயலில் நடும் தாளடியையும் தாங்குகிறது. ஆகவே டெல்டாவில் வறட்சி மூன்று வழிகளில் வரலாம்: தென்மேற்குப் பருவமழை பொய்க்கலாம், வடகிழக்குப் பருவமழை பொய்க்கலாம், அல்லது இரண்டும் ஓரளவு பெய்தும் தண்ணீர் உரிய தேதியில் வந்து சேராமல் போகலாம். மூன்றாவது வழியைத்தான் பலர் வறட்சி என்று ஒப்புக்கொள்வதே இல்லை. பயிருக்கு அது முதல் இரண்டுக்கும் சற்றும் குறைந்ததல்ல.

அடிக்கணக்கை விடுத்து டி.எம்.சி.யைப் பாருங்கள்

1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். நீர்மட்டம் 60 அடியாக இருக்கும்போது அணை பாதி நிறைந்திருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால், 60 அடியில் இருப்பது மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்குதான். 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. இருக்கும். உச்சியில் ஓரடி இறங்கினால் ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் குறைகிறது. 40 அடி அளவில் ஓரடிக்கு அதில் பாதிகூடக் கிடையாது. அதனால்தான் ஒரே அளவில் தண்ணீர் திறந்துகொண்டிருந்தாலும், மேலே மெல்ல இறங்கும் நீர்மட்டம் கீழே வரவர விரைந்து சரிகிறது. நோட்டில் அடியை ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளலாம். முடிவுகளை மட்டும் டி.எம்.சி. பத்தியிலிருந்தே எடுங்கள்.

நீர் வற்றும்போது பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிக்கிடந்த ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதை நாம் அறிவோம். அதைக் காணக் கூட்டமும் சேரும். நந்தி தெரியும் நிலையில், அதாவது ஏறக்குறைய 70 அடிக்குக் கீழே, இருப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டிருக்கும். பாசனக் காலத்தின் நடுவே அது நிகழ்ந்தால், டெல்டாவைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டிய நாட்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். எனவே நந்தியைக் காத்திருந்து பார்த்து வறட்சியை அறிய முயல வேண்டாம்.

எத்தனை நாட்களுக்குத் தண்ணீர் வரும்

நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று தரப்படுகின்றன. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். எளிதாக நினைவில் வைக்க, ஆயிரம் கன அடி ஒரு நாளைக்கு 0.0864 டி.எம்.சி. என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளியேற்றத்திலிருந்து வரத்தைக் கழித்தால் நாள் ஒன்றின் நிகரக் குறைவு கிடைக்கும். அடுத்து, இருப்பிலிருந்து 10 டி.எம்.சி.யைத் தள்ளிவிட வேண்டும். குடிநீருக்கும் மீன்வளத்துக்கும் காக்கப்பட வேண்டியதும் பாசனத்துக்கு எடுக்க இயலாததுமான அடித்தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவு. சேலம் மாநகரமே குடிநீருக்கு மேட்டூரை நம்பியிருப்பதால் இது நம்முடைய தண்ணீரும்கூட.

ஓர் எடுத்துக்காட்டு: இருப்பு 50 டி.எம்.சி., வரத்து 3,000 கன அடி, வெளியேற்றம் 12,000 கன அடி என்று கொள்வோம். நிகரக் குறைவு 9,000 கன அடி. அது நாளொன்றுக்கு 0.78 டி.எம்.சி. பயன்படுத்தக்கூடிய இருப்பு 40 டி.எம்.சி. வகுத்தால் 51 நாட்கள் வரும். இதில் ஆவியாதலைக் கணக்கிடவில்லை. கோடையில் அந்த இழப்பு கணிசமானது. ஆகையால் வரும் விடையை எப்போதும் சற்றுக் குறைத்தே எண்ணிக்கொள்வது நல்லது.

கிடைத்த நாட்களைப் பயிர்க்காலத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கப்படி அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. இந்தக் காலம் முழுமைக்கும் டெல்டாவின் தேவை சுமார் 330 டி.எம்.சி. என்று கணக்கிடப்படுகிறது. மழை பெய்தால் தேவை குறையும் என்றாலும், 93 டி.எம்.சி. கொள்ளும் அணை 330 டி.எம்.சி.யைத் தர வேண்டுமானால் ஒரே பருவத்தில் மூன்றரை முறை நிரம்பியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அணை முழுதாக நிறைந்திருந்து, வரத்து அடியோடு நின்று, 12,000 கன அடி வெளியேறினால், அடித்தண்ணீரைத் தள்ளிவிட்ட பிறகு 80 நாட்களுக்குத்தான் தாங்கும். ஏ.டி.டி. 43 போன்ற குறுகிய கால நெல்லுக்கே ஏறத்தாழ 110 நாட்கள் ஆகும்; சி.ஆர். 1009 போன்ற சம்பா ரகத்துக்கு ஐந்து மாதம். எனவே நிறைந்த அணையைப் பார்த்து நிம்மதி கொள்வதில் பொருளில்லை. தொடரும் வரத்துதான் டெல்டாவைக் காப்பாற்றுகிறது.

மூன்று ஆண்டுகளை வைத்துப் பழகுங்கள்

2023ஆம் ஆண்டைப் போலக் கற்றுத்தருவது வேறில்லை. அவ்வாண்டு ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட்டபோது நீர்மட்டம் 103 அடிக்கு மேல், இருப்பு சுமார் 69 டி.எம்.சி. எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பத்தைத் தள்ளினால் 59, வெளியேற்றம் 12,000 கன அடி என்று கொண்டால் நாளொன்றுக்கு 1.04 டி.எம்.சி. வீதம் 57 நாட்கள். அதாவது மேலிருந்து போதிய வரத்து இல்லையெனில் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தோடு தண்ணீர் தீரும். குறுவையின் கதிர்ப் பருவம் அப்போதுதான் நெருங்கும். தென்மேற்குப் பருவமழை மேலே வலுவிழந்தது, வரத்து சுருங்கியது, திறப்பும் குறைக்கப்பட்டது. வாய்க்கால்கள் முடியும் கடைசிப் பகுதியான கடைமடையில் பயிர் கருகியது. அக்டோபர் 10 அன்று சுமார் 31 அடியில் அணை மூடப்பட்டது. ஜூன் மாதத்திலேயே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கக்கூடிய ஆபத்து அது.

2024 வேறொரு பாடம். ஜூன் 12 அன்று இருப்பு 14 டி.எம்.சி. அளவே இருந்ததால் அணை திறக்கப்படவில்லை. ஜூலையில் கர்நாடகத்தில் பெருமழை பெய்து, ஜூலை 28 அன்று திறக்கப்பட்ட அணை இரண்டு நாட்களில் 120 அடியை எட்டியது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆற்று நீரை மட்டும் நம்பிய குறுவை விவசாயிக்கு அந்த ஆண்டு பருவம் தவறிய ஆண்டுதான்.

2016இல் இரண்டு பருவமழையும் கைவிட்டன. அணை செப்டம்பர் 20 அன்றுதான் திறக்கப்பட்டது. சம்பாவைத் தாங்க வேண்டிய வடகிழக்குப் பருவமழை, சராசரியான 440 மில்லிமீட்டருக்கு 168 மில்லிமீட்டர் மட்டுமே பெய்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சேலம் மாவட்டமும் அதில் அடக்கம்.

வரத்து எங்கிருந்து வருகிறது

அணையின் வரத்தை முன்கூட்டி மதிப்பிட, மேலே இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகள். கிருஷ்ணராஜசாகரின் முழு நீர்மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49 டி.எம்.சி.க்குச் சற்று மேல். கபினி சிறியது என்பதால் வயநாட்டில் மழை பிடித்ததும் விரைவில் நிரம்பி, முதல் உபரி நீரை நமக்கு அனுப்புவது பெரும்பாலும் அதுவே. ஜூன் இறுதியிலும் கபினி நிரம்பவில்லை என்றால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் வரத்து. அங்கே ஓடுவது விரைவிலேயே மேட்டூரை வந்தடையும்.

பிலிகுண்டுலுவில் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று வரையறுத்ததை, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அதன்படி ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. வர வேண்டும், நான்கு மாதமும் சேர்ந்து 123.14. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, மாத முடிவில் உண்மையில் வந்ததைப் பக்கத்தில் குறியுங்கள். ஜூலை முடிவில் வர வேண்டிய 40 டி.எம்.சி.யில் பாதிகூட வராமல், மேலுள்ள அணைகளும் நிரம்பாமல் இருந்தால், அவ்வாண்டு சம்பாவும் தாமதமாகும் என்று கருதிச் செயல்படுவதே பாதுகாப்பு. பற்றாக்குறை ஆண்டில் குறைவை மாநிலங்கள் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் அடிப்படை. நடைமுறையில் அந்த வாதம் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நடந்து முடிவதற்குள் நாற்று முதிர்ந்துவிடுகிறது.

சேலத்தில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். ஏற்காட்டில் கனமழை பெய்தால் மேட்டூர் அணை உயரும் என்று பலர் நம்புகிறார்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் அணைக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன. தொப்பையாறு மட்டுமே நீர்த்தேக்கத்தில் சேர்கிறது; காவிரியின் வரத்தோடு ஒப்பிட்டால் அதன் பங்கு சிறிது. ஏற்காட்டு மழை நம் ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் உயிர். டெல்டாவின் குறுவையை அது காப்பாற்றாது.

தண்ணீர் திறந்தும் வறட்சி ஏன்

மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைக் கடந்து கல்லணையை அடைய மூன்று நான்கு நாட்களாகும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அவற்றின் கிளைகளிலும் வாய்க்கால்களிலும் நுழைந்து கடைமடையைத் தொட மேலும் பல நாட்கள் செல்லும். வழியில் நேரும் இழப்பை அறியாமல் அணைக் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

மணல் அள்ளப்பட்டு ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்ட இடங்களில் வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடுகிறது. முன்பு நுழைந்த அதே அளவு நீர் இப்போது நுழைவதில்லை. தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் முன்வயல்களிலேயே தேங்கி நிற்கிறது. கோடையில் வெடித்துப் பிளந்த களிமண் நிலம் முதல் தண்ணீரை ஆழத்துக்கு இழுத்துக்கொள்வதால், உழவுக்கே வழக்கத்தைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது. திறப்பு தாமதமாகத் தாமதமாக இந்தத் தேவை கூடிக்கொண்டே போகும். ஆகவே வெளியேற்றம் 12,000 கன அடி என்ற செய்தியைப் படிக்கும்போது, முறைப்பாசனம் அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கிவிட்டார்கள் என்றால், கடைமடையில் ஏற்கெனவே தட்டுப்பாடு இருக்கிறது என்று பொருள். மாயனூர் கதவணைக்கு வரும் நீரின் அளவும் பயனுள்ளது. பவானி, நொய்யல், அமராவதி ஆகியவற்றின் நீரும் அங்கே சேர்ந்து தெரியும்.

விளைவுகளை எந்த வரிசையில் கவனிப்பது

வறட்சி டெல்டா முழுவதையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இதை விளங்கிக்கொள்ளாத எந்த மதிப்பீடும் பிழையாகிவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் வைத்திருப்பவர் அணை திறக்காவிட்டாலும் குறுவை நடுகிறார். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீரே உவர்ப்பு. ஆற்று நீரைத் தவிர வேறு வழியில்லை. நன்னீர் ஓட்டம் குறையும்போது கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாகவும் வடிகால்கள் வழியாகவும் உள்ளே ஏறுகிறது. மண்ணில் தங்கிய உப்பை அகற்ற அடுத்த ஆண்டு நல்ல மழை வேண்டும். இவ்வாறு ஓராண்டு வறட்சி கடற்கரை ஓரத்தில் இரண்டாம் ஆண்டு விளைச்சலையும் குறைக்கிறது.

முதலில் குறைவது கூலி வேலை நாட்கள். நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் இல்லாமல் போகும்போது, நிலமற்ற குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின் வருமானம் ஒரே பருவத்தில் அற்றுப்போகிறது. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிச் செல்வது அப்போதுதான் கூடுகிறது. ஆனால் அரசின் நிவாரணக் கணக்கு பயிரையும் நிலத்தையும் சுற்றியே போடப்படுகிறது. இது நீண்ட நாளைய குறை, திருத்தப்பட வேண்டியது. அடுத்து வருவது குத்தகைதாரரின் கடன். பிறகு வைக்கோல் தட்டுப்பாடும் மாடு விற்பனையும். கதிர் உருவாகும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தண்ணீர் நின்றால் தாள் பச்சையாக நின்றாலும் மணி பதராகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த இழப்பு அறுவடை வரை தெரியாது. தாளடி தள்ளிப்போனால், நெல் தரிசில் ஈரத்தை நம்பித் தெளிக்கும் உளுந்தும் பயறும் காலம் தவறுகின்றன. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அரிசி விலை உயர்வதும், நம் பக்கத்து மாட்டுக்காரர்கள் டெல்டா வைக்கோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் கடைசியாக, மாதங்கள் கழித்து வரும் விளைவுகள். கிழக்கு மேற்குக் கரை வாய்க்கால்கள் வழியாகச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் பாசனம் பெறும் 45,000 ஏக்கரையும் இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாடு தொடும். வழக்கமாக ஆகஸ்டு 1 அன்று திறக்கும் அந்த வாய்க்கால்கள் இருப்பு குறைந்த ஆண்டில் தாமதமாகின்றன.

கணக்கு எச்சரித்தால் செய்ய வேண்டியவை

மே மாதக் கடைசி வாரத்தில் இருப்பைப் பாருங்கள். 50 டி.எம்.சி.க்குக் குறைவாக இருந்து பருவமழையும் தாமதம் என்று தெரிந்தால், ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயலில் குறுவை நாற்று விடுவதைத் தள்ளிவைத்து, சம்பா ஒரு போகத்துக்கு நிலத்தை ஆயத்தப்படுத்துமாறு உறவினரிடம் சொல்லுங்கள். கோடை மழை ஈரத்தில் புழுதி உழவு செய்து நேரடி விதைப்பு செய்தால், சேற்றுழவுக்கும் நாற்றங்காலுக்கும் ஆகும் தண்ணீர் மிச்சமாகும். களை கூடும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் தாண்டியும் தண்ணீர் உறுதியில்லை என்றால் ஐந்து மாத ரகத்தைக் கைவிட்டு 130 நாள் அளவிலான ரகத்துக்கு மாறுவது நல்லது. பம்புசெட் உள்ளவர்கள் சமுதாய நாற்றங்கால் விட்டால், அணை திறக்கும் நாளில் அண்டை வயல்காரருக்கும் நாற்று ஆயத்தமாக இருக்கும். நட்ட வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கட்டிய நீர் வடிந்த பிறகே மறுபடி பாய்ச்சி, மிச்சப்படும் தண்ணீரைக் கதிர்ப் பருவத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த தண்ணீரை எல்லாப் பருவத்துக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயம்போலத் தோன்றினாலும் நெல்லுக்கு அது உதவாது.

ஆவணங்களைத் தண்ணீர் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்னும் சாகுபடிப் பதிவேட்டில் பயிரைப் பதியச் செய்வது, பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதிக்கு முன் பெயர் சேர்ப்பது, விதைத்த நாளிலும் கருகிய நாளிலும் வயலைப் படம் எடுத்து வைப்பது ஆகிய மூன்றும் தவறக் கூடாது. பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி 33 விழுக்காடும் அதற்கு மேலும் பயிர் அழிந்தால்தான் இடுபொருள் மானியம் கிடைக்கும். குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் சான்று இல்லாமல் இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள். ஆகையால் நில உரிமையாளர் சேலத்திலோ சென்னையிலோ இருந்தால், விதைப்புக்கு முன்பே சாகுபடிச் சான்றுக்கு வேண்டிய ஒப்புதலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.